சான்ட்ரோ ஜிங்: புதிய காரா, பழைய காரின் தொடர்ச்சியா?

நெடுஞ்சாலை எழுதியது:

ஹூண்டாய் சான்ட்ரோவுக்கு எத்தனை தலைமுறை என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "மூன்று" என்கிறார்கள். 1998-இல் வந்தது ஒன்று, 2003-இல் வந்த ஜிங் இரண்டாவது, 2018-இல் வந்தது மூன்றாவது. பழைய கார் விற்பனைத் தளங்களிலும் இப்படித்தான் பிரித்துப் போடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1998 செப்டம்பரில் வெளிவந்த கார்தான் 2014 இறுதி வரை ஓடியது. நடுவில் முகத்தை மாற்றினார்கள், எஞ்சினைப் பெரிதாக்கினார்கள், உள்ளே டாஷ்போர்டை மாற்றினார்கள். ஆனால் ஜிங்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அதே நிமிர்ந்த கூரை, அதே உட்காரும் உயரம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளம் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை 2,380 மில்லிமீட்டர். எலும்புக்கூடு மாறாதபோது அதைப் புதிய தலைமுறை என்று எப்படிச் சொல்வது?

பதினாறு ஆண்டுகள் ஒரே அடித்தளத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பக் காரை எப்படி விற்க முடிந்தது என்பதுதான் உண்மையில் பேச வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தை எழுதுங்கள். ஓட்டியவர்கள் எழுதினால் இன்னும் நல்லது.

வேகத்தடை எழுதியது:

எலும்புக்கூட்டை மட்டும் பார்த்தால் போதுமா? இரண்டையும் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் வந்தது 999 சிசி, 55 குதிரைத்திறன். ஜிங்கில் 1,086 சிசி, ஏறக்குறைய 63 குதிரைத்திறன். தாளில் எட்டுதான் வித்தியாசம். ஆனால் ஏசியைப் போட்டுக்கொண்டு, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்காடு மலைப்பாதையில் ஏறிப் பாருங்கள். பழைய வண்டியில் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே ஏசியை அணைத்துவிடும் பழக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. ஜிங் வந்த பிறகு அந்தப் பொத்தானை யாரும் தேடவில்லை. வாங்குகிறவனுக்கு அதுதான் புதிய கார். அடித்தளத்தின் அளவை அவன் டேப் வைத்தா பார்க்கிறான்?

தவிர, 1998 காருக்கும் ஜிங்குக்கும் இடையிலேயே ஜிப் டிரைவ் என்று ஒரு வடிவம் வந்தது. அதில் பவர் ஸ்டியரிங் வந்ததுதான் பெரிதாகப் பேசப்பட்டது. ஸ்டியரிங்கை முறுக்கி முறுக்கித் தோள் வலித்தவர்களிடம் அது சின்ன மாற்றம் என்று சொல்லிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இருவரும் காரை இங்கிருந்தே பார்க்கிறீர்கள். கொஞ்சம் கொரியாவுக்குப் போய் வரலாம்.

சான்ட்ரோ ஏன் அவ்வளவு உயரமாகவும் ஒல்லியாகவும் இருந்தது என்று யாராவது யோசித்தீர்களா? அது தமிழ்நாட்டுத் தாத்தா பாட்டிகளுக்காக வரைந்த உருவம் இல்லை. சான்ட்ரோவின் மூலவடிவம் 1997-இல் கொரியாவில் வந்த ஆட்டோஸ். அந்த நாட்டில் "இலகு கார்" என்று ஒரு வகை உண்டு. அந்த வரம்புக்குள் வந்தால் வரிச் சலுகை, நிறுத்துமிடக் கட்டணச் சலுகை எல்லாம் கிடைக்கும். அன்றைய வரம்பு: எஞ்சின் 800 சிசிக்குள், நீளம் 3.5 மீட்டருக்குள், அகலம் 1.5 மீட்டருக்குள். ஆட்டோஸ் எவ்வளவு தெரியுமா? நீளம் 3,495 மில்லிமீட்டர், அகலம் 1,495. இரண்டிலும் ஐந்து மில்லிமீட்டர் மிச்சம் வைத்து வரைந்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் இடமில்லை, பக்கவாட்டிலும் இடமில்லை. மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. இருக்கையை உயர்த்தி, பயணிகளை நிமிர்த்தி உட்கார வைத்தால் அதே நீளத்தில் முழங்காலுக்கு இடம் கிடைக்கும். கொரியச் சட்டப் புத்தகம் வரைந்த வடிவம் அது.

இந்தியாவுக்கு வரும்போது 800 சிசி தேவையில்லை என்பதால் ஒரு லிட்டர் எஞ்சின் போட்டார்கள். ஆட்டோஸின் பின்பக்கம் பலருக்குப் பிடிக்காது என்று தெரிந்து அதைத் திருத்தினார்கள். ஜிங்கில் நீளம் 3,565, அகலம் 1,525 என்று ஆனது. அதாவது கொரிய வரம்பை மீறினார்கள், ஆனால் மீறியது நீளத்தில் 65, அகலத்தில் 25 மில்லிமீட்டர்தான். கூடு அதே கூடுதான், பம்பரும் விளிம்பும்தான் நீண்டன. என் ஓட்டு நெடுஞ்சாலை அவர்களுக்கு.

தாமரை எழுதியது:

சட்டப் புத்தகமோ என்னவோ, என் அம்மாவுக்கு அந்த உயரம்தான் வரம். முழங்கால் தேய்மானம். மற்ற சிறிய கார்களில் ஏற வேண்டுமென்றால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவதுபோல் உட்கார வேண்டும். எழும்போது யாராவது கை கொடுக்க வேண்டும். சான்ட்ரோவில் புடவையை ஒருகையால் ஒதுக்கிக்கொண்டு பக்கவாட்டில் அப்படியே உட்காருவார், பிறகு இரண்டு கால்களையும் உள்ளே எடுத்துக்கொள்வார். இருக்கை இடுப்பு உயரத்தில் இருந்தால்தான் இது நடக்கும். 1998 வண்டியிலும் இது நடந்தது, ஜிங்கிலும் நடந்தது. எங்களுக்கு இரண்டும் ஒரே வண்டிதான்.

மதுரைவாசி எழுதியது:

நான் மாருதி ஜென் கார் கட்சி, எனவே முன்கூட்டியே மன்னிப்பு. 1998 கடைசியில் நடந்ததை இப்போதுள்ள இளைஞர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அதற்கு முன் பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்குத் தெரிந்தது மாருதி 800, கொஞ்சம் வசதி இருந்தால் 1993-இல் வந்த ஜென். சில மாதங்களுக்குள் சான்ட்ரோ, டேவூ மாடிஸ், டாடா இண்டிகா என்று மூன்று வந்து இறங்கின. மாடிஸ் அழகி. இண்டிகாவுக்கு டீசல் இருந்தது. சான்ட்ரோ? பார்த்தவர்கள் சிரித்தார்கள் என்பதே உண்மை. அந்தச் சிரிப்பை அடக்கத்தான் ஷாருக் கானைக் கூட்டி வந்தார்கள். யாருக்கும் தெரியாத நிறுவனத்தின் காரை நான் ஏன் விளம்பரப்படுத்த வேண்டும் என்று அவரே கேட்பதுபோல விளம்பரத்தை ஆரம்பித்தது கெட்டிக்காரத்தனம். பார்க்கிறவன் மனத்தில் இருந்த கேள்வியை நடிகர் வாயில் வைத்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1999 டிசம்பரில் மாருதியே வேகன் ஆர் என்று நிமிர்ந்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. ஜப்பானில் அது முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்த கார், இருக்கட்டும். சிரித்த வாய்களை மூடியது விற்பனை எண்ணிக்கை. வடிவமும் நாளடைவில் பழகிவிட்டது. இன்று சாலையில் பாதிக் கார் நிமிர்ந்துதான் நிற்கிறது.

இருங்காட்டுக்கோட்டை எழுதியது:

அந்தப் பக்கத்தில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிலகத்தில் நீண்ட காலம் வேலை பார்த்தேன். எனவே காரை ஓட்டியதைவிட அதன் துண்டுகளைக் கையில் பிடித்ததுதான் அதிகம்.

ஹூண்டாயின் இந்திய நிறுவனம் 1996 மே மாதம் பதிவானது. 1998 செப்டம்பரில் கார் கடைக்கு வந்துவிட்டது. சென்னை–பெங்களூரு சாலையில் வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில் இரண்டே கால் ஆண்டில் ஒரு முழுக் கார்த் தொழிற்சாலை! கொரியாவிலிருந்து கூடவே உதிரிபாக நிறுவனங்களும் வந்தன. ஶ்ரீபெரும்புதூரில் கொரிய உணவகப் பலகைகள் தொங்க ஆரம்பித்தது அப்படித்தான்.

இங்கே யாரும் தொடாத ஒரு கோணத்தைச் சொல்கிறேன். உருக்குத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அச்சுகள், நாங்கள் "டை" என்போம், ஒரு புதிய மாடலை உருவாக்கும் முதலீட்டில் கணிசமான பங்கு அவற்றுக்குப் போகும். கதவுக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடை. ஒருமுறை செய்துவிட்டால் எத்தனை லட்சம் தகடு அழுத்துகிறோமோ அந்த அளவுக்குச் செலவு பங்கிடப்பட்டுக் கரையும். ஒரு தயாரிப்பாளன் முகத்தையும் பின்விளக்கையும் மாற்றிவிட்டு நடுக்கூட்டைத் தொடாமல் விடுவது சோம்பலால் இல்லை. நடுக்கூட்டைத் தொட்டால் பெரிய அச்சுகள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும், ரோபோ வெல்டிங் வரிசையை மாற்ற வேண்டும், மோதல் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பானெட், பம்பர், விளக்கு, டாஷ்போர்டு என்றால் செலவு அதில் ஒரு சிறு பகுதி.

ஏற்றுமதியையும் சேர்த்துப் பாருங்கள். கொரியாவில் ஆட்டோஸ் முடிந்த பிறகும் இங்கே தொடர்ந்தது. சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கும் மெக்சிகோவுக்கும் போனது. மெக்சிகோவில் அதன் மூக்கில் டாட்ஜ் முத்திரை இருந்தது! அமெரிக்க டிரக் பெயரைச் சுமந்துகொண்டு இருங்காட்டுக்கோட்டைக் கார். உள்நாட்டில் விற்றதும் வெளியே போனதும் சேர்த்துப் பதினெட்டு லட்சத்தைத் தாண்டியது. இத்தனையும் ஒரே கூட்டின் மேல். 2014 வரை தலைமுறை எத்தனை என்று தகடு அழுத்தும் கூடத்தில் கேட்டால் "ஒன்றுதான்" என்று சந்தேகமே இல்லாமல் பதில் வரும்.

பட்டறைக்காரர் எழுதியது:

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். நான் எஞ்சின் பக்கத்திலிருந்து வருகிறேன்.

சான்ட்ரோ வந்தபோது எங்களைப் போன்ற சாலையோரப் பட்டறைக்காரர்களுக்குக் கலக்கம். அதுவரை நாங்கள் கண்டது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர். மாருதி 800 சரியாக ஓய்வில் நிற்கவில்லையென்றால் காதைக் கொடுத்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரால் கால் சுற்று திருப்புவோம். சத்தம் சீராகிவிடும், வேலை முடிந்தது. சான்ட்ரோவில் பானெட்டைத் திறந்தால் திருப்ப ஒன்றுமே இல்லை. நான்கு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பீய்ச்சும் தனி இன்ஜெக்டர், எல்லாவற்றையும் ஒரு மின்னணுப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. அந்தக் காரைத் தொட வேண்டுமென்றால் ஸ்கேனர் வேண்டும், ஸ்கேனர் வாங்கப் பணம் வேண்டும். எங்கள் தெருவில் இரண்டு பட்டறை அப்போதே "சான்ட்ரோ பார்ப்பதில்லை" என்று சொல்லிவிட்டன. பிற்பாடு 2000-இல் மாருதி 800-க்கே இன்ஜெக்ஷன் வந்தபோது அவர்களுக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று.

ஆகவே தலைமுறை மாற்றம் என்று நான் ஒன்றைச் சொல்வதென்றால், அது 1998-இல் கார்புரேட்டரை விட்டதுதான். ஜிங்கில் எஞ்சின் பெரிதானது உண்மை. ஆனால் அது ஹூண்டாயின் அதே எப்சிலான் குடும்பத்து எஞ்சின். டைமிங் பெல்ட் அதே ரப்பர் பெல்ட். பார்க்கும் கண்ணும் திருப்பும் கையும் அதே இடத்துக்குத்தான் போகும். வேகத்தடை சொல்லும் ஏற்காட்டு அனுபவம் சரியே, ஆனால் பெரிய எஞ்சின் போட்டதால் வண்டி வேறாகிவிடாது.

வேகத்தடை எழுதியது:

நல்லது. எஞ்சின் முக்கியமில்லை, கூடுதான் முக்கியம் என்று எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். இப்போது 2018 காருக்கு வருகிறேன். அந்தப் புதிய சான்ட்ரோவில் என்ன எஞ்சின்? நான்கு சிலிண்டர், 1,086 சிசி. ஜிங்கில் இருந்த அதே கொள்ளளவு. திறனை 69 வரை ஏற்றியிருந்தார்கள், அவ்வளவே. உயரமான கார் என்ற பேச்சும் அதே, பெயரும் அதே. பழைய சான்ட்ரோ வாங்கியவர்களின் பாசத்தை நம்பித்தான் அந்தப் பெயரையே திரும்ப எடுத்தார்கள். ஆக, எஞ்சின் தொடர்கிறது, பெயர் தொடர்கிறது. அதை மட்டும் ஏன் புதிய தலைமுறை என்கிறீர்கள்?

நெடுஞ்சாலை எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஜிங் என்பது பழைய கூட்டில் பெரிதாக்கிய எஞ்சின். 2018 கார் என்பது புதிய கூட்டில் பழைய எஞ்சின். இரண்டையும் அருகருகே வைத்தால் எது எதன் தொடர்ச்சி என்று தெரியும்.

2018 காரின் அகலம் 1,645 மில்லிமீட்டர். ஜிங்கைவிட 120 மில்லிமீட்டர் அதிகம். உயரமோ 1,560, ஜிங்கின் 1,590-ஐவிட 30 குறைவு. நீளம் 3,610, சக்கர இடைவெளி 2,400. நீளத்தில் கூடியது கொஞ்சம், அகலத்தில் கூடியது ஏராளம், உயரத்தில் இறங்கிவிட்டது. கணக்குப்பிள்ளை சொன்ன கொரிய வரம்பு இங்கே முற்றிலும் போய்விட்டது. இந்தியாவில் 2006 முதல் சிறிய காருக்கு வரிச் சலுகை என்றால் நான்கு மீட்டர் நீளமும் பெட்ரோலில் 1,200 சிசியும்தான் எல்லை. அகலத்துக்கு வரம்பே கிடையாது. எனவே பக்கவாட்டில் விரிந்துகொண்டார்கள். பின்னிருக்கையில் மூன்று பேர் தோள் இடிக்காமல் உட்கார முடிந்தது. பின்னால் ஏசித் துளைகளும் வந்தன. ஒரு நாட்டின் வரிச் சட்டம் பெற்ற பிள்ளை முதல் சான்ட்ரோ. இன்னொரு நாட்டின் வரிச் சட்டம் பெற்ற பிள்ளை 2018 சான்ட்ரோ. எஞ்சின் ஒன்றாக இருந்தும் உருவம் ஏன் வேறு என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

மதுரைவாசி எழுதியது:

எனக்குப் புரியாத ஒன்று. 2007 அக்டோபரில் ஐ10 வந்துவிட்டது. அதுவும் இதே சென்னைத் தொழிற்சாலையிலிருந்து, சான்ட்ரோவின் வாரிசாகவே. அதன் 1.1 லிட்டர் எஞ்சினும் இதே குடும்பம். 2011-இல் 814 சிசி இயான் வந்தது, விலையில் சான்ட்ரோவுக்குக் கீழே. மேலே ஒருவன், கீழே ஒருவன். நடுவில் இந்தக் கிழவரை ஏன் 2014 வரை நிற்க வைத்தார்கள்?

இருங்காட்டுக்கோட்டை எழுதியது:

அச்சுச் செலவு எப்போதோ கரைந்துவிட்டது, அண்ணா. வாங்க ஆள் இருக்கும்வரை அடிப்பது லாபம். டாக்சிக்காரர்கள், முதல் கார் வாங்கும் சம்பளக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று கேட்பவர்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். ஏசி இல்லாமல் ஒன்று, எல்பிஜி போட்டு ஒன்று என்று பிரித்து விற்றார்கள். 2010-இல் சென்னை உட்பட பதின்மூன்று நகரங்களுக்குப் பாரத் ஸ்டேஜ் 4 புகை வரம்பு வந்தபோது மாருதி 800 அந்த நகரங்களிலிருந்து விலகிக்கொண்டது. சான்ட்ரோவின் எஞ்சினைத் திருத்தி வரம்புக்குள் கொண்டுவந்தார்கள். 1998-இலேயே இன்ஜெக்ஷனோடு பிறந்த எஞ்சினும், ஐ10-இல் அதே குடும்பம் ஓடிக்கொண்டிருந்ததும் அதற்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

தாமரை எழுதியது:

பாதுகாப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. பதினாறு ஆண்டுகள் ஒரே கூடு என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். 1990-களில் வரைந்த கூட்டில் 2014-இல் ஒரு குடும்பம் உட்கார்ந்து நெடுஞ்சாலையில் போனது என்பதும் அதே உண்மையின் மறுபக்கம்தானே? அச்சுச் செலவு கரைந்ததில் வாங்கியவருக்கு என்ன கிடைத்தது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

சரியான கேள்வி, அம்மா. அந்தக் காலத்தில் இந்தியாவில் மோதல் சோதனை விதியே கட்டாயமாக இல்லை. புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபர் முதலும் ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 அக்டோபர் முதலும்தான் வந்தது. எனவே பழைய கூட்டை மாற்றச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் புதிய கூடு என்றால் தானாகவே பாதுகாப்பு வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கார்களை மோதவிட்டு நட்சத்திர மதிப்பெண் தரும் குளோபல் என்கேப் அமைப்பு 2018 சான்ட்ரோவை 2019-இல் மோதிப் பார்த்தது. ஓட்டுநருக்கு மட்டும் காற்றுப்பை இருந்த அடிப்படை வடிவம் அது. பெரியவர்களுக்கு இரண்டு நட்சத்திரம், குழந்தைகளுக்கு இரண்டு நட்சத்திரம். கூட்டின் உறுதி போதாது என்றும் எழுதினார்கள். அதே முறை சோதித்த வேகன் ஆருக்கும் இரண்டுதான்.

வேகத்தடை எழுதியது:

அப்படியென்றால் 2018 கார் ஏன் நான்கே ஆண்டில், 2022-இல், நின்றுபோனது என்பதையும் யாராவது சொல்லுங்கள். பெயருக்கு மவுசு இருந்தது, தொடக்க விலை 3.89 லட்சம், தானியங்கி கியர் இருந்தது, சிஎன்ஜி இருந்தது.

நெடுஞ்சாலை எழுதியது:

என் கருத்து இது. 1998-இல் சான்ட்ரோவுக்குப் பக்கத்தில் நின்றவை தாழ்ந்த கார்கள். உயரமாக உட்கார வேண்டுமென்றால் சிறிய காரில் வேறு போக்கிடம் இல்லை. 2018-இல் உயரம் தேடியவர் குட்டி எஸ்யூவி பக்கம் போய்விட்டார். கையில் கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தவர் அதே கடையில் கிராண்ட் ஐ10 பக்கம் போனார். உயரத்தையும் குறைத்துவிட்ட சான்ட்ரோவிடம் தனியாகச் சொல்லிக்கொள்ள பெயர்தான் மிஞ்சியது. 2022 தொடக்கத்திலிருந்து முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயம் என்றானதும் அடிமட்ட விலையும் ஏறத்தான் வேண்டியிருந்தது.

தாமரை எழுதியது:

பட்டறைக்காரர் ஐயா, ஒரு சொந்தக் கேள்வி. அம்மாவுக்காக இன்னொரு பழைய ஜிங் பார்க்கிறோம். இதற்கு முன் ஒரு தரகர் மீட்டரைக் குறைத்துக் காட்டி ஏமாற்றப் பார்த்தார். எதைப் பார்த்து வாங்குவது?

பட்டறைக்காரர் எழுதியது:

மீட்டரைப் பார்க்காதீர்கள் அம்மா, கிளட்ச் பெடல் ரப்பரைப் பாருங்கள். நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று மீட்டர் சொல்லும், ரப்பரின் வலது ஓரம் வரி அழிந்து கண்ணாடிபோல் பளபளக்கும். புது ரப்பர் போட்டிருந்தால் பெடலின் இரும்புத் தண்டு தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஸ்டியரிங்கில் மணி பத்து, மணி இரண்டு காட்டும் இடங்களைத் தடவுங்கள்.

அடுத்து டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே டென்ஷனரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பின்பக்கத் தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் அங்கே மண் படிந்த கோடு தெரியும்.

ஆர்.சி. புத்தகத்தில் பதினைந்து ஆண்டு முடிந்து புதுப்பித்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000-க்கு உயர்த்தினார்கள். பலர் அதைக் கட்டாமல்தான் வண்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். உதிரிபாகம் வாங்கும்போது வெறுமனே "சான்ட்ரோ" என்று கேட்காதீர்கள். ஆண்டையும் 1.0-வா 1.1-ஆ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் கடைப்பையன் வேறு பெட்டியை எடுத்து நீட்டுவான்.